கொடைக்கானலில் ஒரு தரைப்பாடகனைத் தேடி

வெள்ளி: காட்ரோட்டிலிருந்து மேலே

கொடைக்கானல் போகலாம் என்றதும் மனைவியின் தம்பி, அதாவது என் மாப்பிள்ளை, கேட்ட முதல் கேள்வி, "படகா மாமா, குதிரையா?" இரண்டும் இல்லை, ஒரு சாண் கூட இல்லாத ஒரு பறவை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு கார் சாவியை எடுத்துக்கொண்டான். மலைப்பாதையில் வண்டி ஓட்ட அவனுக்குக் காரணம் எதுவும் தேவையில்லை.

இ-பாஸ் நேற்றே எடுத்தாயிற்று. 2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இது இல்லாமல் ஏற முடியாது. இப்போது ஏப்ரல் கடைசி. சீசன் கூட்டம் தொடங்கும் நேரத்தில் யாராவது பறவை பார்க்கப் போவார்களா என்றால், போகத்தான் வேண்டியிருக்கிறது. நான் தேடும் பறவை கூடு கட்டுகிற பருவம் இது. பாடுகிற பருவமும் இதுதான்.

பெயர், வெண்வயிற்று ஷோலக்கிளி. பச்சைக்கிளிக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பருத்த உடல், நீண்ட கால்கள், குட்டை வால். தலையும் முதுகும் மார்பும் கருநீலம், வயிறு வெள்ளை, நெற்றியோரம் மங்கிய நீலவெள்ளைக் கோடு, கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் கறுப்பு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனிமலை போன்ற மலைகளின் உயரமான சோலைகளில் மட்டும் வாழ்வது. உலகில் வேறெங்கும் இல்லை.

பெரியகுளத்திலிருந்து காட்ரோடு வரை மாந்தோப்பு, தென்னை. டீக்கடை ஓட்டின் மேல் குண்டு கரிச்சான் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு பாடியது. வெட்டவெளியில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து பாடுகிற பறவை அது. மலையேற ஏற இந்தப் பழக்கம் மாறுகிறது. கீழ்ச்சரிவுக் காட்டில் சோலைப்பாடி. நீண்ட வாலும் செம்பழுப்பு வயிறும் கொண்ட அருமையான பாடகன், ஆனால் புதருக்குள் இருந்தபடியே பாடுவான். அதற்கு மேலே காப்பித் தோட்டங்கள், மலைவாழை. ஈராயிரம் மீட்டரை நெருங்கியதும் குளிரும் மூட்டமும் வந்துவிடும். அங்கே பாடுகிறவன் மரத்தை விட்டே இறங்கிவிடுகிறான். காட்டுத் தரையில் நின்று பாடுகிறான்.

டம்டம் பாறையில் நிறுத்தி எலிவால் அருவியைப் பார்த்தோம். கோடையில் அருவி ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். பெருமாள்மலையில் மூட்டம் இறங்கியது. தங்கும் விடுதியில் இரவு பதினொன்று வரை ஒலிபெருக்கி. பக்கத்திலேயே சோலை இருக்கிறது என்று அந்த விடுதிக்காரரிடம் சொன்னேன். "அதான் சார் வ்யூ" என்றார்.

சனி: பாம்பாறு, வட்டக்கானல்

விடியும் முன்பே வட்டக்கானல் பக்கம் போய்விட்டோம். கூட வந்த அண்ணன் இந்த ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், காட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர். முதலில் அவர் சொன்னது, "தம்பி, டார்ச்சை அணைங்க. காட்டுமாடு நிக்குதான்னு நான் பாத்துக்கிறேன்." கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே உலாவுவது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கை, இவர்களுக்கு அப்படியில்லை.

சோலை என்றால் ஓங்கி வளர்ந்த மழைக்காடு என்று மாப்பிள்ளை நினைத்திருந்தான். மரங்கள் அவ்வளவு உயரமில்லை. காற்றுக்கும் குளிருக்கும் அடங்கிக் குடைபோல் விரிந்த உச்சிகள், முறுக்கிய கிளைகள், பட்டை முழுக்கப் பாசியும் கற்பாசிப் படர்வுகளும் ஆர்க்கிட்டும். காட்டுச் செண்பகமும் நாவல் வகைகளும் கலந்து நிற்கின்றன. அடியில் குறிஞ்சி இனச் செடிகள், பெரணி. தரையில் கணுக்கால் புதைய இலைச்சருகு, எப்போதும் ஈரம். மலை மடிப்புகளில், ஓடை ஓரமாக மட்டும் இந்தக் காடு. மடிப்பை விட்டு மேலேறினால் ஒரு காலத்தில் எல்லாம் புல்வெளி. குளிர்கால உறைபனி திறந்தவெளியில் மரக்கன்றுகளைக் கருக்கிவிடும் என்பதால் சோலை தன் மடிப்பை விட்டு எளிதில் வெளியே வராது. ஷோலக்கிளிக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சருகில்தான் இருக்கிறது: பூச்சிகள், புழுக்கள், ஒளிந்துகொள்ள இருட்டு, கூடு வைக்க மண்சரிவிலோ மரத்திலோ ஒரு பொந்து. பாசியால் கிண்ணம்போல் கூடு, அதில் பெரும்பாலும் இரண்டு முட்டை.

முதலில் எழுந்தது ஓடைப்பக்கம் ஒரு விசில். சோம்பேறித்தனமான, மெட்டு எங்கே போகிறது என்றே தெரியாத சீழ்க்கை. யாரோ பையன் ஆற்றங்கரையில் நடந்துபோகிறான் என்றுதான் தோன்றும். மாப்பிள்ளை "இதானே?" என்று துள்ளினான். அது சீகாரப் பூங்குயில். அதுவும் கருநீலம்தான், ஆனால் மைனாவைவிடப் பெரியது, ஓடைப்பாறையை விட்டு அதிகம் விலகாது. வெளிச்சம் பட்டால் நெற்றியும் தோளும் பளபளக்கும்.

அதற்குப் பிறகுதான் சருகுக்குப் பக்கத்திலிருந்து வேறொரு குரல். மெல்லிய, வேகமான விசில்கள் ஏறி இறங்க, இடையிடையே ரம்பம் இழுத்ததுபோல் ஒரு கரகரப்பு. அண்ணன் கையை உயர்த்தினார். பத்தடிக்குள் இருக்கும் என்றார். பத்து நிமிடம் நின்றோம். பாட்டு இடமிருந்து வலம் நகர்ந்தது, பறவை கண்ணில் படவில்லை.

பொறுமை இழந்த மாப்பிள்ளை கைபேசியை எடுத்தான். இணையத்தில் இதன் பாட்டு இருக்கிறது, போட்டால் வந்துவிடும் என்றான். வரும், அதுதான் பிரச்சினை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு சண்டைக்கு வரும். அண்ணன் அதட்டவில்லை. "உங்க வீட்டு வாசல்ல எவனோ நின்னு கத்துனா சோறு இறங்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கைபேசி பைக்குள் போனது. கூடு கட்டும் பருவத்தில் ஒலிப்பதிவு போட்டுப் படமெடுக்கிறவர்களை நான் பறவை பார்ப்பவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்புறம் வெளிச்சம் வந்தது, குழப்பமும் வந்தது. இந்தச் சோலைகளில் நீலப் பறவைக்குப் பஞ்சமில்லை. நடு உயரக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பறந்து ஒரு பூச்சியைப் பிடித்துவிட்டு மீண்டும் கிளைக்கே வந்தது ஒன்று. அவுரி நீலம், நெற்றி வெளிர்நீலம், அடிவயிறு வெளுப்பு. நிறத்தை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் புத்தகம் புரட்டினால் ஷோலக்கிளி என்றே எழுதத் தோன்றும். அது நீலகிரி ஈப்பிடிப்பான். குளிர்காலமாக இருந்தால் வலசை வரும் நீல ராபின் வேறு தரையில் தத்தும். ஆணின் அடிப்பாகம் ஆரஞ்சு, புருவம் வெள்ளை. இமயத்துக்குத் திரும்பும் காலம் என்பதால் இப்போது அந்தக் குழப்பம் குறைவு. கறுப்பாகத் தெரிந்து சருகைக் கிளறுவது ஆரஞ்சு அலகோடு இருந்தால் அது மலைக் கரும்பறவை.

எனவே மாப்பிள்ளைக்கு நான் சொன்ன வழி இதுதான்: முதலில் நிறத்தைப் பார்க்காதே, எந்த மாடியில் குடியிருக்கிறது என்று பார். சோலையின் இருட்டில் நீலம், சாம்பல், கறுப்பு எல்லாம் ஒன்றுதான். தரையா, முழங்கால் உயரப் புதரா, நடுக்கிளையா, ஓடைப்பாறையா? அது தெரிந்தாலே பாதிப் பெயர்கள் விழுந்துவிடும். கால் நீளமா, தத்துகிறதா, ஒரே கிளைக்குத் திரும்புகிறதா என்பது அடுத்தது. வெள்ளை வயிறு கடைசியில் வரட்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீலகிரி ஈப்பிடிப்பானும் ஷோலக்கிளியும் ஒரே பெரிய குடும்பத்தின் நெருங்கிய உறவுகள்தான். ஒன்று கிளையில் தங்கிவிட்டது, இன்னொன்று தரைக்கு இறங்கிவிட்டது. இறங்கியது அவ்வளவு கச்சிதமாக மாறிப்போனதால் நூறாண்டுக்கு மேல் அறிஞர்களுக்கே அதை எந்தப் பேரினத்தில் வைப்பது என்று தீரவில்லை.

பாம்பாற்றில் முகம் கழுவினோம். இந்தத் தண்ணீர்தான் கீழே கும்பக்கரை அருவியாக விழுகிறது. கும்பக்கரையில் குளித்து வளர்ந்த மாப்பிள்ளைக்கு இது தெரியாது என்பது எனக்கு வியப்பு. "அங்க தண்ணி வந்துச்சு, குளிச்சோம்" என்றான்.

ஞாயிறு: பாம்பே சோலை, லோயர் ஷோலா ரோடு

இன்று பார்த்தாயிற்று. அதுவும் தொலைதூரக் காட்டில் இல்லை, ஊருக்குள்.

பாம்பே சோலை, கொடைக்கானல் ஏரியிலிருந்து நடந்துபோகிற தூரம். ஒரு பக்கம் பங்களாக்கள், ஒரு பக்கம் சாலை. ஓரமெல்லாம் சிப்ஸ் உறை, தண்ணீர் பாட்டில். ஆரஞ்சுப் பூக்கொத்தோடு அழகாக நிற்கும் செஸ்ட்ரம் என்ற அயல்நாட்டுச் செடி சோலை ஓரத்தில் புகுந்து அடைத்திருக்கிறது. அழகுச் செடியாகக் கொண்டுவந்தது, இப்போது வெட்ட வெட்ட வருகிறது. உள்ளே நுழையாமல் சாலையோரத்திலேயே நின்றோம்.

ஆறு மணி இருக்கும். சாலைக்கும் சோலைக்கும் நடுவே ஒரு சாக்கடை வாய்க்கால், அதன் மேல் பாசி பிடித்த கல். மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தான். "மாமா, தரை. கால் நீளம். தத்துது." நிறத்தைச் சொல்லவே இல்லை, கவனித்தேன். இருநோக்கியைத் திருப்பினேன். கல்லின் மேல் ஒரு கருத்த உருண்டை. நிமிர்ந்தது, குனிந்து சட்டென்று ஒரு வணக்கம் போட்டது, வாலை விரித்து மூடியது. சருகில் இறங்கி எதையோ கொத்தியது. வெளிச்சம் போதவில்லை, வயிறு வெள்ளையா சாம்பலா என்று சொல்ல முடியாத நிலை. இரண்டாவது தடவை கல்லில் ஏறியபோது நேராக எங்கள் பக்கம் திரும்பியது. மார்பின் கருநீலம் கீழே போகப் போகச் சாம்பலாகி, நடுவயிற்றில் வெள்ளை. நெற்றியோரக் கோடும் தெரிந்தது. விலாவில் துளியும் செம்மை இல்லை.

அந்தச் செம்மை இல்லாததுதான் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு விலா ஆரஞ்சுப் பழுப்பு. கணவாயின் அகலம் முப்பது நாற்பது கிலோமீட்டர்தான். நமக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். உயர்ந்த குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அந்த வெப்பச் சமவெளி கடல் மாதிரி. இரண்டு பக்கமும் பல லட்சம் ஆண்டுகள் தனித்தனியாக வாழ்ந்து இரண்டு இனங்களாகிவிட்டன. தெற்கே செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், அகத்தியமலையில் இருப்பதையும் தனி இனமாக 2017-இல் பிரித்தார்கள். அதே ஆண்டு, வி. வி. ராபின் என்ற ஆய்வாளரின் குழுவினர் மரபணு ஆய்வின் அடிப்படையில் இந்தப் பறவைகளுக்கு ஷோலிகோலா என்ற புதிய பேரினத்தையே ஏற்படுத்தினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய பேரினம்.

எங்கள் பறவை அறிவியலுக்கு அறிமுகமானதே இந்தப் பழனிமலையிலிருந்துதான். 1860-களின் இறுதியில் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் அதை விவரித்தார். அந்தக் காலத்தில் இங்கே பறவைகள் சேகரித்தவர் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். பழனிமலைச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். சொல்லி வைத்தாற்போல் அந்தச் சிரிப்பான் கூட்டமும் இன்று வந்தது. வெள்ளைப் புருவம், உரத்த சிரிப்பு, புதர் புதராகத் தாவல். அவற்றைத் தேடவே வேண்டாம், தானாகவே தகவல் கொடுத்துவிடும். ஷோலக்கிளி அந்த இரைச்சல் தொடங்கியதும் சருகுக்குள் போய்விட்டது. மொத்தம் இரண்டு நிமிடம் பார்த்திருப்போம்.

படம் எடுத்தீர்களா என்று கேட்பீர்கள். எடுத்தேன். கல் நன்றாக வந்திருக்கிறது.

திங்கள்: பூம்பாறை, மன்னவனூர், கூக்கால்

இன்று மேற்கே போனோம். வழியில் பைன் மரத் தோப்பு. எல்லா வண்டியும் நிற்கிறது, கல்யாணப் படம், சினிமாப் பாட்டு ஆட்டம். உள்ளே நடந்து பார்த்தேன். தரை முழுக்க ஊசியிலை, வேறு செடி அநேகமாக இல்லை. ஒரு குரலும் இல்லை. வெளியே வந்த ஒருவர் தன் பிள்ளையிடம், "என்னா காடு பாரு!" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பச்சையாக, நிமிர்ந்து, குளிராக இருந்தால் காடு என்றுதான் நமக்குப் பள்ளியிலிருந்தே பழக்கம். ஷோலக்கிளியைக் கேட்டால் இது பாலைவனம்.

பைன், பட்டைக்கான வாட்டில் (சீகை மரம்), தைலமரம் எல்லாம் கடந்த நூற்றாண்டில் விறகுக்கும் தொழிற்சாலைக்கும் நட்டவை. பெரும்பகுதி நட்டது புல்வெளியில். புல்வெளி வெறும் தரிசு என்று அன்றைக்கு நினைத்தார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வு, மரத்தோட்டமும் விவசாயமும் சேர்ந்து நாற்பது ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டதாகச் சொல்கிறது. குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். 2018-இல் பூத்தது, இனி 2030.

பூம்பாறையில் படிக்கட்டு வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், வீட்டுத் திண்ணையெல்லாம் பூண்டு. புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. கடைக்கார அக்காவிடம் மாப்பிள்ளை பேரம் பேசிப் பேசி, கடைசியில் அவர் சொன்ன விலைக்கே வாங்கினான். மன்னவனூரில் நின்று சாப்பிட்டுவிட்டு நேரே கூக்கால்.

கூக்கால் சோலை இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் நல்ல நிலையில் இருந்தது. கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. நீலகிரிக் காட்டுப்புறா ஒன்று உச்சியில் சடசடத்துப் பறந்தது. மாலையில் ஷோலக்கிளிகள் இரண்டு இடத்தில் பாடின. பார்க்க முயலவில்லை, கேட்டால் போதும் என்றிருந்தது.

கேட்டதில் ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பறவைகளின் பாட்டை மலை மலையாகப் பதிவுசெய்து ஒப்பிட்டிருக்கிறார்கள். கணவாய்கள் பிரித்த கூட்டங்களின் பாட்டு வேறுபடுவது எதிர்பார்த்ததுதான். அண்மைக் காலத்தில் மனிதர்கள் காட்டை வெட்டித் துண்டாக்கியதால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும் வேறுபடத் தொடங்கியிருக்கிறது என்பது 2016-இல் வெளியான முடிவு. பழைய பிரிவில் பாட்டின் சில கூறுகள் மாறின, புதிய பிரிவில் வேறு சில கூறுகள். அப்படியானால் நேற்று லோயர் ஷோலா ரோட்டில் ஊருக்கு நடுவே சிக்கியிருக்கும் அந்தப் பறவையின் பாட்டும் கூக்கால் பாட்டும் ஒன்றுதானா? என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் காதை நம்பி ஆய்வு எழுத முடியாது.

திரும்பும்போது அண்ணன் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். பழைய வாட்டில் தோட்டம். பல காலமாக வெட்டாமல் விட்டதில் சில மரங்கள் சாய்ந்து, அடியில் சோலைக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. பழம் தின்னும் பறவைகள் விதை போட்டதுதான் என்றார். அந்த ஓரத்தில் ஷோலக்கிளியின் பாட்டு. பறவை பின்னாலிருந்த உண்மையான சோலையில் நின்றதா, வாட்டிலுக்குள் நின்றதா என்று எட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. வாட்டிலை எல்லாம் வெட்டிப் புல்வெளியாக்கு என்று ஒரு கட்சி, சோலை வருகிற இடத்தில் கை வைக்காதே என்று ஒரு கட்சி. இங்கே இரண்டாவது கட்சிப் பக்கம்தான் நான். பைன் தோப்பிலோ புல் இன்னும் மிச்சமிருக்கும் மேட்டிலோ கேட்டால் முதல் கட்சிக்குப் போய்விடுவேன்.

அண்ணனிடம் கேட்டேன், உங்கள் சின்ன வயதில் இந்தக் குருவி எப்படி? "கண்டதில்ல தம்பி. கேட்டிருக்கோம். விறகுக்குப் போறப்ப விடியக்காலம் கத்தும். குருவின்னு யாரு பாத்தா?"

நாளைக் காலை இறங்குகிறோம். போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் முதல் ஜூன் வரை விடியலுக்கு அரை மணி முன்பே சோலை ஓரத்தில் நின்றுவிடுங்கள், மழை தொடங்கினால் அட்டைக்கு உப்போ புகையிலையோ கையில் இருக்கட்டும். எட்டு மடங்கு உருப்பெருக்கும் இருநோக்கி போதும், பெரிய கேமராவுக்கு அந்த இருட்டில் வேலையில்லை. பேரிஜம் ஏரிப் பக்கம் போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். பாட்டு போட்டுக் கூப்பிடாதீர்கள்.

அடுத்தது ஆரஞ்சு விலாக்காரனைப் பார்க்க நீலகிரிக்கு. வண்டி ஓட்ட மாப்பிள்ளை இப்போதே தயார். ஒரே சந்தேகம் கேட்டான்: "அதுக்கு இ-பாஸ் தனியா எடுக்கணுமா மாமா?" ஆமாம், தனி.